நிலையாணையா, ஒப்பந்தமா? பள்ளிப் பிள்ளைகளின் நடத்தை பற்றி

அம்பத்தூர் எஸ்டேட் வாசலிலும், ஆவடி ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளிலும், பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் இன்று அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "பையன்கள் கெட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் வாத்தியார் தோலை உரித்தார், நாம் உருப்பட்டோம். இப்போது அவர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடமே பாழாய்ப் போயிற்று." இப்படிப் பேசுகிறவர்கள் முதலாளிகள் அல்ல. நம்முடைய ஆட்களே பேசுகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து கண் எரிய வீடு திரும்பும் தொழிலாளி பேசுகிறார். திருமழிசைப் பக்கம் நாற்று நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் தாய் பேசுகிறார். ஆகவே இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

13 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை நடத்துவது லேசான காரியமல்ல. முதல் மணி அடித்த பிறகு வருவது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமற் போவது, மேஜைக்கடியில் கைபேசியை வைத்துக்கொண்டு படம் பார்ப்பது, உதட்டுக்கடியில் 'கூல் லிப்' ஒதுக்கிக்கொள்வது, ஆசிரியர் கேட்டால் எதிர்த்துப் பேசுவது - எல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. ஆசிரியரும் ஓர் உழைப்பாளிதான். நெரிசலான வகுப்பில் நாள் முழுவதும் தொண்டை வறளக் கத்திவிட்டு, அதற்கு மேல் படிவங்களையும் பூர்த்தி செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவருடைய பாட்டைப் பார்த்துக் கேலி செய்கிறவன் தொழிலாளியின் நண்பன் அல்ல. இது உண்மைப் பகுதி.

பிரம்பால் உருப்பட்டோம் என்பது பொய்ப் பகுதி. நம்மோடு ஒன்றாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு வரை வந்தார்கள்? ஒரு நிமிடம் பெயர் சொல்லி எண்ணிப் பாருங்கள். மீதிப் பேர் எங்கே போனார்கள்? செங்கல் சூளைக்குப் போனார்கள். ஆடு மேய்க்கப் போனார்கள். வொர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் போனார்கள். பிரம்புக்குத் தப்பி நின்றவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம். பிரம்பு விரட்டியடித்தவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படி விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாருடைய பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியாததா?

2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகும்படி வதைக்கவும் கூடாது என்று சொல்கிறது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. இதை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் ஒன்று. சட்டம் பிரம்பை எடுத்துவிட்டது. எடுத்த இடத்தில் ஆசிரியர் கையில் வேறு எதை வைத்தார்கள்? எதைச் செய்யக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்களா? அதற்கு நேரமும் ஆளும் கொடுத்தார்களா? அங்கேதான் பள்ளம் விழுந்தது.

அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தது என்ன? 2022-ல் ஆசிரியர்களிடம் மாணவர்கள் அத்துமீறிய காட்சிகள் கைபேசிக்குக் கைபேசி பரவின. ஊரெல்லாம் கொதித்தது. அந்த வருடம் மே மாதத்தில், பள்ளிக் கல்வி மந்திரியாக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி, ஒழுங்கீனமாக நடக்கும் மாணவன் பள்ளியை விட்டு நீக்கப்படுவான், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்று அறிவித்தார்.

இந்த மொழி நமக்குப் புதிதல்ல. ஆலையில் இதற்குப் பெயர் நிலையாணை. முதலில் மெமோ. பிறகு விளக்கம் கேட்டு நோட்டீஸ். பிறகு சஸ்பென்ஷன். கடைசியில் டிஸ்மிஸ். ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறது. மறுபக்கம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறது. நாற்பது வயதுத் தொழிலாளிக்கே இது வாழ்வைப் பறிக்கும் காரியம் என்றால், 15 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நடத்தை சரியில்லை என்று எழுதிய காகிதத்தோடு அவன் எந்தப் பள்ளிக் கதவைத் தட்டுவான்? எந்தக் கதவும் திறக்காதபோது, வெளியே ஒருவன் காத்திருக்கிறான். அவன் பெயர் லேபர் காண்ட்ராக்டர். அவன் நடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஆசிரியரை ஒருவன் அடித்தால் சும்மா விடுவதா என்று கேட்பீர்கள். விடக் கூடாது. அத்தகைய சம்பவத்துக்கு விசாரணை வேண்டும், நடவடிக்கையும் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அன்றாடம் நடப்பது அதுவல்ல. அன்றாடம் நடப்பது தாமதம், மட்டம், அரட்டை, முறைப்பு. இதற்கெல்லாம் டிஸ்மிஸ் உத்தரவு மருந்தல்ல.

"சரி, தண்டனை வேண்டாம், நன்றாக நடப்பவனுக்குப் பரிசு கொடுப்போம்" என்று சிலர் புறப்படுகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் இது ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். இதன் வேர் நம் சென்னையிலேயே இருக்கிறது.

அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்பெல், தம் ஜில்லாவின் பள்ளிகளைப் பற்றி 1823-ல் ஓர் அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்குப் பூஜ்யம்: புகழும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவது பையனுக்கு ஓர் அடி. நாலாவது பையனுக்கு இரண்டு. இப்படி ஆளுக்கு ஓர் அடி ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு, பார்த்தீர்களா! ஆனால் தினமும் கடைசியில் வந்து அத்தனை அடியும் வாங்கியவன் யாராக இருப்பான்? விடியற்காலையில் தொழுவத்தைக் கூட்டிவிட்டு, தண்ணீர் சேந்திவிட்டு ஓடி வந்தவனாகத்தான் இருப்பான். (பண்ணையாளின் மகன் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது என்பது வேறு கதை.)

எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதன் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பையன்கள் இளைய பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். குற்றங்களை எழுதிவைக்க ஒரு கறுப்புப் புத்தகம். அந்தக் குற்றங்களை விசாரிக்க, பையன்களிலேயே சிலரைப் பஞ்சாயத்தாராக உட்கார வைத்தார். வாத்தியார் தீர்ப்புச் சொல்லவில்லை. கூடப் படிப்பவர்கள் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது உலகம் சுற்றியது.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதுபோன்ற முறையை ஒரு ஆலையைப் போலவே நடத்தினார். நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். நன்றாக நடந்தால் சீட்டு; சீட்டுச் சேர்ந்தால் பந்து, காற்றாடி, பதக்கம். தவறினால் கழுத்தில் மரக்கட்டை. இன்னும் மீறினால் கூடையில் வைத்துக் கூரைக்குத் தூக்கி, எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்படி தொங்கவிடுவது! அடிக்கவில்லை, அதனால் மனிதாபிமானம் என்றார்கள். செலவு குறைவு என்பதால் சீமான்கள் மெச்சினார்கள். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. பரிசு என்ற பெயரால் வந்தாலும், ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கத்தின் தலையில் கட்டுவது நிலையாணைதான். காற்றாடியும் கழுத்துக் கட்டையும் ஒரே பெட்டியிலிருந்துதான் வந்தன.

இந்த வெகுமதி விஷயம் ஆலைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதே இல்லை. வருகை போனஸ் என்று ஒன்று பல கம்பெனிகளில் உண்டு. மாதம் முழுவதும் ஒரு நாள் கூட விடாமல் வந்தால் கிடைக்கும். 29 நாள் வந்துவிட்டு 30-வது நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றால்? முழுத் தொகையும் போச்சு. 29 நாள் உழைப்புக்கு என்ன மதிப்பு? பூஜ்யம். அந்தப் பணத்தை வாங்கிய தொழிலாளி கம்பெனியை நேசித்தாரா, அல்லது காய்ச்சலோடு வேலைக்கு வந்து மெஷினில் விரலைக் கொடுத்தாரா?

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே, அதையும் மறக்க முடியாது. பதினான்கு, பதினைந்து வயதிலிருந்தே ஏழைப் பெண்களை விடுதியில் அடைத்தார்கள். மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்தால் கடைசியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மொத்தமாகக் கையில் தருவோம், கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. நன்னடத்தைக்கு வெகுமதி என்ற வார்த்தை எவ்வளவு தூரம் கீழே இறங்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எட்டாத தூரத்தில் தொங்கும் பரிசு, ஒரு சறுக்கலில் எல்லாம் பறிபோகும் பரிசு - இரண்டும் பள்ளிக்குள் நுழையக் கூடாது.

இதில் விஞ்ஞானிகளின் சோதனையும் ஒன்று உண்டு. 1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர், ஸ்டான்போர்டில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அதைச் செய்தார்கள். வர்ணப் பேனாவால் படம் போடுவதில் தாமாகவே ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம், படம் போட்டால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் படம் போடும் நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. ஆசையாகச் செய்ததைக் கூலி வேலையாக மாற்றிவிட்டார்கள்! சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளிடம் இந்தக் கேடு வரவில்லை. படிக்க ஆசையுள்ள பிள்ளைக்குப் படிப்பதற்காகக் காசு காட்டாதீர்கள் என்பது இதன் பாடம்.

அப்படியானால் வெகுமதியே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் வெகுமதி இல்லாத இடம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. நாம் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான்.

காலையில் திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரயிலைப் பாருங்கள். திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று வரவர வாசற்படியில் வாலிபர்கள் தொங்குகிறார்கள். பிளாட்பாரத்தில் செருப்பு உரசத் தீப்பொறி பறக்கிறாற்போல் ஒருவன் ஓடி ஏறுகிறான். உடனே விசில், கைதட்டல், படம் பிடிக்க நாலு கைபேசி. கல்லூரிப் பையன்களுக்குள் 'ரூட்டு தல' என்று பட்டம். அந்தப் பட்டத்துக்காகக் கத்தி எடுத்த கொடுமைகளையும் பார்த்தோம். கூட்டத்தில் நிற்கும் பத்தாம் வகுப்புப் பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறான். அங்கே குறிக்கோள் தெளிவாக இருக்கிறது. வெகுமதி உடனுக்குடன் கிடைக்கிறது. கொடுப்பவர்கள் அவன் மதிக்கும் தோழர்கள். இறங்கிப் பள்ளிக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கிறது? "வந்துட்டாரு துரை!" என்ற வரவேற்பு. எந்தப் பக்கம் அவன் மனம் சாயும்?

சோவியத் நாட்டில் மகரென்கோ என்ற ஆசிரியர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். உள்நாட்டு யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்து தெருவில் திருடித் திரிந்த பிள்ளைகளுக்காக, 1920-ல் உக்ரைனில் போல்டாவா நகருக்கு அருகே ஒரு காலனி தொடங்கினார். ஆரம்பத்தில் அவரே பொறுமையிழந்து ஒரு பையனை அறைந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு அவர் கண்டுகொண்ட வழி இது: மனிதனுக்கு முன்னால் ஏதாவது ஒரு மகிழ்ச்சி தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு அது இன்று சாயங்காலமே கைக்கு எட்ட வேண்டும். கொஞ்சம் வளர்ந்தவனுக்கு வருகிற கோடையில் ஒரு பயணம் என்றால் பொறுத்திருப்பான். அதற்கும் அப்பால், படிப்பும் தொழிலும் என்ற தூரத்து மகிழ்ச்சி. கிட்டத்துப் படி இல்லாமல் தூரத்து மாடியைக் காட்டினால் யாரும் ஏறமாட்டார்கள். பின்னர் கார்க்கோவ் அருகே அவர் நடத்திய கம்யூனில், அதே தெருப்பிள்ளைகள் மின்சாரத் துளைக் கருவியும் 'ஃபெட்' என்ற காமிராவும் செய்தார்கள். கூலி வாங்கினார்கள். பொதுக்கூட்டம் கூடித் தங்கள் விதிகளைத் தாங்களே முடிவு செய்தார்கள். ராணுவச் சீருடையும் அணிவகுப்பும் அவருக்கு நாம் விரும்புவதைவிட அதிகமாகவே பிடித்திருந்தன. அதை அப்படியே நம் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கிட்டத்து மகிழ்ச்சி, கூடி முடிவெடுப்பது - இந்த இரண்டும் நமக்கு வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குத் தலைவர்களை வைத்து, புள்ளி கொடுப்பது. தனியார் பள்ளிகளில் வெகுகாலமாக இருந்ததை நம் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தது நல்லதே. தனியொருவனுக்கு மெடல் மாட்டுவதைவிடக் குழுவுக்கு மதிப்பெண் என்பது நம் மனதுக்கும் உகந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. செங்கல் சூளையிலிருந்து நடந்து வரும் பெண் தினமும் தாமதமாக வந்தால், "உன்னால்தான் நம் குழுவுக்குப் புள்ளி போச்சு" என்று நாற்பது பிள்ளைகள் அவள்மேல் பாயக்கூடும். அப்போது மேஸ்திரியின் வேலையை மேஸ்திரியில்லாமலே பிள்ளைகள் செய்கிறார்கள். வந்ததற்குப் புள்ளி கொடுக்கலாம். வராததற்குப் பிடிக்கக் கூடாது. தாமதமாக வருபவளை நேரத்தோடு கூட்டிவர வழி கண்ட குழுவுக்கு இரண்டு மடங்காகக் கொடுக்கலாம்.

நாம் சொல்வது, நிலையாணைக்குப் பதில் ஒப்பந்தம். இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

அம்பத்தூரில் லேத் ஓட்டும் ஒரு தொழிலாளியின் மகன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் ஏற்றுமதித் தையல் கம்பெனிக்குக் காலை ஏழரைக்கே போய்விடுகிறார். தகப்பனார் இரவு ஷிப்ட் முடிந்து படுத்துவிட்டார். பையன் வாரத்தில் நாலு நாள் தாமதம். வகுப்பாசிரியர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமேல் ஒழுங்காக இருப்பேன்னு எழுதிக் கொடு" என்றால் அவன் எழுதிக் கொடுப்பான். நூறு தடவைகூட எழுதிக் கொடுப்பான். அது குறிக்கோளே அல்ல. எண்ண முடியாதது எப்படிக் குறிக்கோள் ஆகும்? அதற்குப் பதிலாக, "அடுத்த வாரம் எத்தனை நாள் முதல் மணிக்குள்ள வர முடியும், நீயே சொல்லுப்பா" என்று கேட்கட்டும். "மூணு நாள் வருவேன் சார்" என்பான். ஐந்து நாள் வேண்டும் என்று ஆசிரியர் பேரம் பேச வேண்டாம். ஒரு நாளிலிருந்து மூன்று நாள் என்பது பெரிய உயர்வு. சம்பளப் பேச்சுவார்த்தையில் எந்தச் சங்கமாவது இதைவிட உயர்வு வாங்கியிருக்கிறதா?

அடுத்த கேள்வி: "அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" இந்தக் கேள்வி இல்லையென்றால் அது ஒப்பந்தமே ஆகாது. "லேட்டா வந்தா எல்லார் முன்னாடியும் நிக்க வைக்காதீங்க சார்" என்று அவன் கேட்கலாம். "அப்பாவை எழுப்பிவிடச் சொல்லணும்" என்று சொல்லலாம். ஆசிரியர் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், வீடு ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று பக்கமும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அவன் நோட்டுக்குள் இருக்கட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம்.

வெகுமதி என்ன? அதையும் அவனைத்தான் கேட்க வேண்டும். காசு வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்படுவது பல நேரம் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். விளையாட்டுச் சாமான் அறையின் சாவியை ஒரு வாரம் வைத்திருப்பது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கபடிக்கு அணி பிரிப்பது. சோதனைச்சாலையில் உதவியாளாக நிற்பது. தான் விரும்பும் நண்பன் பக்கத்தில் உட்காருவது. இவையெல்லாம் பொறுப்பும் மரியாதையும் கலந்த வெகுமதிகள். மூன்று நாள் வந்தான் என்றால் அந்த வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட வேண்டும். கூலியை அன்றன்றைக்குக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் மிராசுதாரைப் பற்றி விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் வேறு ஏதோ வம்பு செய்தான் என்பதற்காக, சம்பாதித்த வெகுமதியைப் பறிக்கவும் கூடாது. வம்புக்கு வேறு விசாரணை நடக்கட்டும். செய்த வேலைக்குக் கூலி கூலிதான். இரண்டு நாள்தான் வந்தான் என்றால்? திட்ட வேண்டாம். மறுபடி உட்கார்ந்து பேசி, குறியை இரண்டு நாளாக இறக்கி, அடுத்த வாரம் ஏற்றிக்கொள்ளலாம். பழக்கம் ஊன்றிய பிறகு சாவியும் சீட்டும் தாமாகவே மறந்து போகும், போகவும் வேண்டும்.

எழும்பூர்ப் பையன்களின் பஞ்சாயத்தை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? குற்றம் விசாரிக்க மட்டும் பிள்ளைகளைக் கூட்டாமல், குறிக்கோள் வைக்கவும் கூட்டலாம். எங்கள் வகுப்பில் இந்த மாதம் என்ன மாற வேண்டும் என்று அவர்களே பேசி, ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யட்டும். ஆசிரியர் என்ன மாற வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்ல உரிமை வேண்டும். இதைக் கேட்டுச் சில ஹெட்மாஸ்டர்களுக்கு வியர்க்கும். முதன்முதலில் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றபோது முதலாளிகளுக்கும் வியர்த்தது.

பெற்றோர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்கு எப்போது ஆள் வருகிறது? பையன் கண்ணாடியை உடைத்தால் வருகிறது. அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், ஆபீஸ் அறை வாசலில் கை கட்டி நின்று, ஏச்சு வாங்கிக்கொண்டு, அந்த ஆத்திரத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றிப் பையன்மேல் இறக்குகிறோம். பள்ளியில் தடை செய்யப்பட்ட பிரம்பு இப்படி நம் கையில் வந்து முளைக்கிறது. "உங்கள் மகன் இந்த வாரம் நாலு நாள் நேரத்தோடு வந்தான்" என்று ஒரே ஒரு வரி பள்ளியிலிருந்து வந்தால் என்ன ஆகும்? செலவில்லாத வெகுமதி அது. அந்த வரியைத் தகப்பனார் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தோளில் கை வைத்தாலே போதும்.

இனி சர்க்கார் பக்கம். சர்க்காரும் வெகுமதி கொடுக்கத்தான் செய்தது. படிப்பை நடுவில் விடாமல் இருக்க, 2011-12 முதல் 10, 11-ம் வகுப்புகளுக்குத் தலா 1500 ரூபாயும் 12-ம் வகுப்புக்கு 2000 ரூபாயும் என்று அறிவித்தார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பர் 5-ல் வந்தது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டு 9-ல் வந்தது. இவற்றை நாம் குறை சொல்லமாட்டோம். ஏழைக் குடும்பத்தில் அந்த ஆயிரம் ரூபாய் பல பெண்களின் கல்யாணத்தையே தள்ளிப் போட வைக்கும். ஆனால் இவை தூரத்து மாடி. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கிட்டத்துப் படி எங்கே? 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, அது 1 முதல் 5-ம் வகுப்பு வரைதான் என்றார்கள். ஆறாம் வகுப்பு ஏறியதும் காலைப் பசி போய்விடுமா? வெறும் வயிற்றோடு வந்து முதல் பீரியடில் எரிந்து விழும் பையனுக்கு நடத்தைக் குறிக்கோள் எழுதுவதற்கு முன்னால் நாலு இட்லி எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்து பேச ஆசிரியருக்கு நேரம் வேண்டும் என்றால், வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும், காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், மனநல ஆலோசகர் பள்ளிக்கே வர வேண்டும். ஒப்பந்தத்தில் சர்க்காரின் கையெழுத்து விழ வேண்டிய இடம் இதுதான்.

இவற்றையெல்லாம் எங்கே போய்ப் பேசுவது? இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கக்கூஸ் கதவும் தண்ணீர்த் தொட்டியும் அந்தக் கூட்டத்தில் பேசப்பட வேண்டியவைதான். பிள்ளைகளின் நடத்தையும் அங்கே பேசப்பட வேண்டும். கூட்டத்தை வேலை நாளில் பகலில் வைத்தால் எஸ்டேட் தொழிலாளி வர முடியாது, நடவுக்குப் போன தாயும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள் என்று இந்த வாரமே பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்போம். அந்தக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டரிடம் மரியாதையாக முதல் கேள்வி கேட்போம்: போன மாதம் எத்தனை பிள்ளைகளின் வீட்டுக்கு நல்ல சேதி எழுதி அனுப்பினீர்கள், ஐயா?